முந்நூறு புளியமரமும் ஒரு பயந்தாங்கொள்ளியும்

என் மனைவி மல்லிகாவுக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது. எனக்கு அதைத் தவிர வேறெதுவும் சரியாகத் தெரியாது. இப்படிப்பட்ட இரண்டு பேர் சேர்ந்து கிள்ளானில் ஒரு சின்ன வியாபாரம் நடத்தி வருகிறோம். மசாலைத் தூள், பருப்பு, அப்பளம் என்று பலதும் உண்டு; ஆனால் எங்கள் பெயரைக் காப்பாற்றுவது புளிப் பொட்டலம்தான். அந்தப் புளி பதினோரு வருடமாகத் தமிழ்நாட்டில் தர்மபுரியிலிருந்து வருகிறது. அனுப்புகிறவர் பஷீர் பாய். அவர் குரலைப் போனில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், முகத்தைப் பார்த்ததில்லை.

இந்த வருடம் கோலாலம்பூரில் நடக்கப் போகிற உணவுக் கண்காட்சியில் எங்களைப் போன்ற சின்னக் கடைகளுக்கும் ஸ்டால் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தது. மல்லிகா அன்றைக்கே பாரத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதில் ஒரு கட்டம்: வருடத்துக்கு எவ்வளவு சரக்கு கொடுக்க முடியும்? "ஒரு கண்டெய்னர்" என்று எழுதப் போனாள். நான் பாய்ந்து போய் பேனாவைப் பிடுங்கினேன். நாங்கள் இப்போது வாங்குவது அடுத்தவர் கண்டெய்னரில் ஒரு மூலை.

"அப்படின்னா நீங்களே போயி பாத்துட்டு வாங்க" என்றாள். "வியாழக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குள்ள பாரத்த அனுப்பணும். ஆமாவா இல்லையான்னு எனக்கு ஒரு வார்த்தை போதும். ஆனா பயந்துட்டு இல்லன்னு சொல்லக் கூடாது லா. இது மூனாவது தடவ."

முதல் தடவை ஷா ஆலாமில் ஒரு கிளைக் கடை. இரண்டாவது தடவை ஒரு வேன். இரண்டையும் நான்தான் பயந்து கெடுத்தேன். அந்தக் கடையை எடுத்தவருக்கு இப்போது மூன்று கடை. அந்தப் பக்கம் காரில் போகும்போது மல்லிகா ஒன்றும் சொல்ல மாட்டாள், திரும்பி என் முகத்தை ஒரு பார்வை பார்ப்பாள். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம்.

எனக்கு இருந்த பயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டால் போட்டு யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றால் அவமானம். எட்டிப் பார்த்து, ஏதாவது பெரிய சூப்பர்மார்க்கெட் மொத்தமாகக் கேட்டுவிட்டால் அது அவமானத்தைவிட மோசம். கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கொடுக்க முடியாமல் போனால், பதினோரு வருடம் சேர்த்த பெயர் ஒரே மாதத்தில் போய்விடும். இதையெல்லாம் விமானத்தில் யோசித்துக்கொண்டே வந்ததில் சாப்பாட்டைக்கூடத் தொடவில்லை.

திங்கட்கிழமை காலை, தர்மபுரி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் பெட்டியைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்தேன். சாப்பிட வேண்டும்; ஓட்டல் எதிர்ப்பக்கம் இருந்தது. நடுவில் லாரி, பஸ், ஆட்டோ, இரண்டு எருமை. எங்கள் ஊரில் பச்சை விளக்கு எரிந்தால் நடப்போம், எரியாவிட்டால் நிற்போம். இங்கே விளக்கும் இல்லை, நிற்பாரும் இல்லை. பத்து நிமிடம் ஓரமாக நின்றேன். தலையில் கீரைக்கூடை வைத்திருந்த ஒரு பெண்மணி என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "எம் பின்னாலயே வாங்கண்ணா, ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிவிட்டு, ஒரு கையை உயர்த்திக்கொண்டு லாரிகளுக்குள் நடந்து போனார். நான் கண்ணை மூடிக்கொண்டு அவர் பின்னாலேயே போனேன்.

ஓட்டலில், "பசியாறலாம்னு வந்தேன்" என்றேன். எங்கள் நாட்டில் காலைச் சாப்பாட்டுக்கு அப்படித்தான் சொல்வோம். பரிமாறுகிறவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரொம்ப நாளா சாப்பிடலீங்களா?" என்று கேட்டுவிட்டு நான் கேட்காமலே ஆறு இட்லி வைத்தார். நிலக்கடலைச் சட்னி பிரமாதம். பக்கத்தில் இருந்த சிவப்புச் சட்னியை மட்டும் தெரியாமல் தொட்டுவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்து, "பாவம், என்னா கஷ்டமோ" என்று பக்கத்து மேசைக்காரர் இன்னொருவரிடம் சொன்னது காதில் விழுந்தது.

மறுநாள் பஷீர் பாயின் மகன் ரியாஸ் மோட்டார் சைக்கிளில் வந்தார். இருபத்தெட்டு வயது, கல்லூரியில் படித்தவர், கையில் எப்போதும் போன். ஹெல்மெட் இல்லாமல் ஏற மாட்டேன் என்றேன். சிரித்துக்கொண்டே எதிர்க் கடையில் ஒன்றை இரவல் வாங்கி வந்தார். அது எவரோ ஒரு பெரிய தலைக்காரருடையது. வழியெல்லாம் அது என் கண்ணை மறைத்துக்கொண்டே வந்தது. அதுவும் நல்லதுக்குத்தான், எதிரில் வந்ததை நான் பார்க்கவில்லை.

கொட்டகை ஊருக்கு வெளியே இருந்தது. தகரக் கூரை, உள்ளே புளி வாசனை. அந்த வாசனையில் வாய் ஊறியதும் கொஞ்சம் தைரியம் வந்தது. பஷீர் பாய் வாசலிலேயே நின்றிருந்தார். அறுபது வயது இருக்கும், வெள்ளை லுங்கி, வெள்ளைச் சட்டை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "வாங்க சார், வாங்க வாங்க. பயணமெல்லாம் சவுரியமா இருந்துச்சுங்களா?" என்று நாலு தடவை கேட்டார். அவர் கை ஈரமாக இருந்தது. வேர்வை.

உள்ளே இருபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் தலையிலும் நீல நிற வலைத் தொப்பி, எல்லார் கையிலும் ரப்பர் உறை. யாரும் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குள் வந்துவிட்டோமோ என்று எனக்கே கொஞ்சம் நடுங்கியது. ஒரு பெண் உறை போட்ட கையால் புளியைப் பிரிக்கப் பார்த்தார், வழுக்கியது. கொட்டை ஒரு பக்கம் ஓடியது, நார் உறையிலேயே ஒட்டிக்கொண்டது. அவர் முன்னால் இருந்த புளியை எடுத்துப் பார்த்தேன். பாதிக்குப் பாதி கொட்டை. பதினோரு வருடத்தில் இவ்வளவு மோசமான புளியை நான் பார்த்ததில்லை.

"இதெல்லாம் எப்பலருந்து போடறீங்க?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

அவர் பாயைப் பார்த்தார், ரியாஸைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இன்னிக்குக் காலையிலருந்துங்க" என்றார். இருபது பேரும் குபீரென்று சிரித்துவிட்டார்கள். ரியாஸுக்கு முகம் சிவந்தது. "ஃபாரின் பார்ட்டி வர்றாங்கன்னு நாந்தாங்க வாங்கியாந்தேன்" என்றார்.

"கழட்டிருங்கம்மா, எப்பவும் போல கையக் கழுவிட்டுச் செய்யுங்க" என்றேன். தொப்பியை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னேன், அது நல்ல விஷயம்தான். உறையைக் கழற்றியதும் கொட்டகைக்கு உயிர் வந்தது. சின்ன மரச் சுத்தியால் தட்டுகிற சத்தம், ஊர் வம்பு, சிரிப்பு. ஓர் அம்மாள் என்னிடம், "இந்தப் புளிய உங்கூர்ல என்னாத்துல போடறாங்க?" என்று கேட்டார். மீன் கறியில் என்றேன். "நாங்களும் அதத்தான் பண்றோம், இதுக்கா கப்பல்ல போவுது?" என்றார். அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது. எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. இத்தனை பேரும் என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள். என்னைப் பார்த்து! கிள்ளானில் எங்கள் வீட்டுப் பூனைகூட எனக்குப் பயப்படாது.

மத்தியானம் "வூட்டுக்கு வாங்க சார்" என்று கூட்டிப் போனார்கள். சீரகச் சம்பா பிரியாணி, தால்ச்சா, கத்திரிக்காய் புளிக் கறி. எங்கள் பக்கத்துப் பிரியாணியில் ஒரு தித்திப்பு இருக்கும், இதில் இல்லை. மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்த பிறகு, வந்த வேலையை ஆரம்பித்தேன்.

"பாய், வருசத்துக்கு ஒரு கண்டெய்னர் கேட்டா குடுக்க முடியுமா?"

"குடுத்துரலாங்க."

"ஒரு வருசம் காய்ப்பு கம்மியாப் போனா?"

"அதுக்கென்னங்க, குடுத்துரலாம்."

"கண்காட்சியில ஆர்டர் எடுத்துட்டு நம்ம தவறிட்டோம்னா என் பேரு போயிரும்."

"பாத்துக்கலாங்க சார். நீங்க தைரியமா எடுங்க."

வாய் இதைச் சொல்லும்போது அவர் கை கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தது. மடித்து, மடித்து, தபால் தலை அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுப் பிரித்தார். மறுபடி மடித்தார். நான் பயத்திலேயே ஊறினவன், அடுத்தவர் பயத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆகாது. இவர் என்னைவிட அதிகமாகப் பயந்திருந்தார். ஆனால் எதற்கு என்று புரியவில்லை.

ரியாஸ் குறுக்கே வந்தார். "அண்ணா, இதுல ஒண்ணும் கஷ்டமில்ல. நம்ம சரக்கு கொஞ்சம், மண்டியில வாங்கறது மிச்சம். கலந்து போட்டா யாருக்குத் தெரியும்?"

"டேய், சும்மா இரு" என்றார் பாய். அந்த ஒரு வார்த்தையில்தான் அவர் குரல் நடுங்கவில்லை. மண்டிச் சரக்கு கம்பால் அடித்து உதிர்த்தது, ஓடு நொறுங்கித் தூசியாகக் கிடக்கும் என்று விளக்கினார். அவர் வேறு விதம். பென்னாகரம் பக்கத்தில் நாற்பது மரத்தை வருடக் குத்தகைக்கு எடுத்து, ஆள் ஏறிக் காலால் உலுக்கித்தான் காய் இறக்குவார். அதனால்தான் எங்கள் பொட்டலத்தில் தூசி கிடையாது. கலப்படம் என்றால் மல்லிகா கடையையே மூடிவிடுவாள் என்று நானும் சொல்லி வைத்தேன். ரியாஸ் எழுந்து போய்விட்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. நாற்பது மரத்தை வைத்துக்கொண்டு எத்தனை காலம் இப்படியே இருப்பது என்று அந்த வயதில் எவருக்கும் தோன்றும்.

அன்று மாலை மல்லிகா போனில் கேட்டபோது, "இன்னும் பாக்கணும்" என்றேன். "பயமா?" என்றாள். "இல்ல, இன்னும் பாக்கணும்" என்றேன். எனக்கே தெரியவில்லை. வேண்டாம் என்று மனசு சொன்னது உண்மை, ஆனால் என் மனசு எதைத்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறது?

புதன்கிழமை ஒகேனக்கல் பார்த்தே ஆகவேண்டும் என்று கூட்டிப் போனார்கள். பாய், ரியாஸ், நான். பென்னாகரம் தாண்டி மலை இறக்கத்தில் பஸ் டயர் வெடித்தது. சுற்றிலும் காடு. யானை நடமாடும் பகுதி என்று ஒரு பலகை எனக்கு நேராகவே நின்றது. எல்லாரும் இறங்கி நிழலில் உட்கார்ந்து கடலை உரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நான் மட்டும் பஸ்ஸுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்குக் கீழே இரண்டு பெரியவர்கள் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று கீழே நின்றிருந்த ரியாஸைக் கேட்டேன்.

"'நேத்து சாயங்காலம் இங்கதான் நின்னுச்சு, ஒத்தை ஆணு, பஸ்ஸ ஒரு மணி நேரம் விடல'ன்னு சொல்றாரு. அதுக்கு இன்னொருத்தரு, 'இன்னிக்கும் வரும், அதுக்கு இந்த வளைவு புடிக்கும்'ங்கறாரு."

"எறங்கி வாங்கண்ணா, காத்தாவது வரும்" என்று ஒரு அம்மாள் என்னைக் கூப்பிட்டார். "பஸ்ஸுக்குள்ள இருந்தா ஆனை டிக்கெட் கேட்டுட்டு வுட்ருமா?" நாற்பது பேர் சிரித்தார்கள். யானை வரவில்லை. டயர் மாற்றுகிற வரை என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

ஒகேனக்கல்லில் பரிசல். மூங்கிலில் பின்னிய வட்டமான கூடை, அவ்வளவுதான். காவிரியில் கூடையில் உட்கார்ந்து போக வேண்டும் என்றால் எந்த மனிதன் சம்மதிப்பான்? நான் சம்மதித்தேன், ஏனென்றால் மாட்டேன் என்று சொல்லவும் பயமாக இருந்தது. பரிசல்காரர், "நடுவுல உக்காருங்க சார், ஆடாதீங்க" என்றார். ஆழம் எவ்வளவு என்று கேட்டேன். "அது யாருக்குங்க தெரியும்" என்று சந்தோஷமாகச் சொன்னார். பாறைச் சுவர்களுக்கு நடுவில் கொண்டுபோய், பயணிகளுக்குப் பிடிக்கும் என்று நினைத்துப் பரிசலைப் பம்பரம்போல் சுற்றிவிட்டார். வானம், பாறை, அருவி, ரியாஸின் பல் எல்லாம் சுழன்றன. நான் முருகா முருகா என்று கத்தினேன். கையை யாரோ நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் பாய். கண்ணை இறுக மூடி, உதட்டுக்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார்.

கரையில் மீன் வாங்கிக் கொடுத்தால் அங்கேயே பொரித்துத் தருகிறார்கள். காரமாகத்தான் இருந்தது, ஆனால் உயிரோடு திரும்பிய மகிழ்ச்சியில் ஒன்றும் தெரியவில்லை. பாய் மகனைச் சோடா வாங்கி வரச் சொல்லி அனுப்பினார். ரியாஸ் தூரப் போனதும் முள்ளை எடுத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"நீச்சல் தெரியாதுங்க எனக்கு. பரிசல்ல ஏறினதே இன்னிக்குத்தான்."

"பின்ன ஏன் பாய் ஏறுனீங்க?"

"நீங்க விருந்தாளி. வேணாம்னு எப்பிடிங்க சொல்றது?" முள்ளை ஓரமாக வைத்தார். "கண்டெய்னர் விசயமும் அப்பிடித்தாங்க சார். உங்க வீட்டம்மா ஆசையா கேக்கறாங்க, இவன் ஆசையா இருக்கான். என் வாயால வராதுங்க. நாளைக்குக் காலையில மரத்தப் பாக்கலாம். பாத்துட்டு நீங்க சொல்லுங்க, ஆமாவோ இல்லையோ."

வியாழக்கிழமை ஏழு மணிக்கே பென்னாகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தோம். கேழ்வரகு அறுத்த காட்டின் வரப்பில் மரம். எங்கள் கடை இருக்கிற மூன்று மாடிக் கட்டடத்தைவிட உயரம். கீழே தார்ப்பாய் விரித்திருந்தார்கள். ஏறுகிறவர் பெயர் மாதப்பன். ஐம்பது வயது, குச்சி போன்ற உடம்பு. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, எனக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, படியேறுவதுபோல் மரத்தில் ஏறிப் போய்விட்டார். செருப்பு இல்லை, கயிறு இல்லை.

"கயிறு கட்டக் கூடாதா?" என்றேன்.

"கெளைக்குக் கெளை தாண்டணுங்க, கயிறு மாட்டிக்கும்" என்றார் கீழே நின்ற அவர் மனைவி பச்சையம்மா. அவர் மரத்தைப் பார்க்காமல், அடிமரத்துக்குப் பக்கத்தில் முகத்தைத் தாழ்த்திக்கொண்டு நின்றார்.

உச்சியில் மாதப்பன் ஒரு கிளையைக் கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கிளைமேல் நின்று குதித்தார். மரம் முழுவதும் ஆடியது. புளியம்பழம் மழையாகக் கொட்டியது. பரிசலில் எனக்கு வந்தது பயமே இல்லை என்று அப்போது தெரிந்தது.

"மாமோவ்!" என்று பச்சையம்மா தலையைத் தூக்காமலே கூப்பிட்டார்.

"ஓவ்!" என்று மேலிருந்து பதில்.

"ரேசன்ல பாமாயில் போடறாங்களாம், போவட்டா?"

"நாளைக்குப் போலாம்!"

"கன்னுக்குட்டிக்குத் தண்ணி வச்சியா?"

"வச்சேன், வச்சேன்!"

புருஷன் பெண்டாட்டி பேசுவதற்கு இதுவா நேரம் என்று நினைத்தேன். பாய் சொன்னார், இது இவர்கள் வழக்கமாம். மேலே ஆள் இருக்கிற வரைக்கும் கீழேயிருந்து ஒருவர் விடாமல் பேச்சுக் கொடுக்க வேண்டும். "அண்ணாந்து பாத்தா எனக்குத் தல சுத்துங்க" என்றார் பச்சையம்மா. "கொரலு வந்துக்கிட்டிருந்தா கையி புடிச்சிருக்குதுன்னு அர்த்தம்." வெயில் ஏறிக் காற்று கிளம்புவதற்குள் இறங்கிவிட வேண்டும். அதனால் ஒரு காலைக்கு ஒரு மரம்தான், சீசனும் மூன்று மாதம்தான்.

"வேற ஆளு யாரும் ஏற மாட்டாங்களா?"

"இவரு தம்பி ஏறுவாருங்க. போன வருசத்துக்கு முன்ன வருசம் வுழுந்துட்டாரு. இடுப்பு போயிருச்சு, இப்ப வூட்டோட கெடக்கறாரு. லோடு அவசரம்னு அன்னிக்கு மத்தியானத்துல ரெண்டாவது மரம் ஏறினாரு. காத்து."

நான் பாயைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார். யாருடைய லோடு என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஞாபகம் இருந்தது. அந்த வருடம் கப்பல் போய்விடுமோ என்று பயந்து, ஒரே நாளில் பாய்க்கு நாலு தடவை போன் பண்ணினேன். நாலு தடவையும் அவர், "அனுப்பிரலாங்க சார்" என்றுதான் சொன்னார். அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

பச்சையம்மா என் பக்கம் திரும்பினார். "உங்க கண்காட்சிக்கு எத்தினி மரங்க வேணும்?"

கிலோவிலும் டன்னிலும் கண்டெய்னரிலும் எத்தனையோ தடவை கணக்குப் போட்டிருக்கிறேன். மரத்தில் போட்டதில்லை. பாய் வாய்க்குள் எண்ணிப் பார்த்துவிட்டு, "முந்நூறு வருமுங்க" என்றார். இப்போது இருப்பது நாற்பது.

அந்த அம்மாள் திடுக்கிட்டுப் போவார் என்று நினைத்தேன். இல்லை. "பொண்ணு நர்சிங் படிக்கறா, கூலி வந்தா நல்லதுதான்" என்றார். பிறகு, "ஏறுவாருங்க. பாயி கேட்டா முடியாதுன்னு இவரு சொல்ல மாட்டாரு. அதாங்க எனக்குப் பயமே" என்றார்.

எனக்கு எல்லாம் விளங்கியது. மல்லிகா கேட்டால் பாய் முடியாது என்று சொல்ல மாட்டார். பாய் கேட்டால் மாதப்பன் சொல்ல மாட்டார். இந்த வரிசையில் முடியாது என்று சொல்லிப் பழகினவன் நான் ஒருவன்தான்.

பத்தே காலுக்குப் போன் அடித்தது. கிள்ளானில் அப்போது மணி பன்னிரண்டே முக்கால்.

"என்னாங்க, இன்னும் கால் மணி நேரந்தான் இருக்கு. எழுதட்டுமா?"

"மல்லிகா, நான் மரத்தடியில நிக்கிறேன்..."

"மாமோவ்!" என்றார் பச்சையம்மா. பதில் வரவில்லை.

"மாமோவ்! பேசு!" மேலே ஒரு கிளை முறிகிற மாதிரி சத்தம். பதில் இல்லை. பாய் எழுந்து நின்றுவிட்டார். தார்ப்பாயில் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். ரியாஸ்கூடப் போனைக் கீழே இறக்கினார். பச்சையம்மா அடிமரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழிய, "மாமோவ்!" என்று கத்தினார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது.

"ஓவ்... ஓவ்..." என்று துப்புகிற சத்தத்தோடு குரல் வந்தது. "வாயில முசுறு எறும்பு பூந்துருச்சு! கடிச்சுப் புடுங்குது!"

பச்சையம்மா அழவில்லை, சிரிக்கவும் இல்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சாயங்காலம் என்னா கொழம்பு வைக்கட்டும்?" என்று கேட்டார்.

"என்னாங்க அது, யாரு கத்துறா?" என்றாள் மல்லிகா. சொன்னேன். மரம், கயிறு இல்லாதது, முந்நூறு, அந்தத் தம்பி, நான் பண்ணின நாலு போன். எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, "ஸ்டால் வேணாம் மல்லிகா" என்றேன். ரியாஸ் காலால் ஒரு மண்ணாங்கட்டியை எத்திவிட்டுத் திரும்பிக்கொண்டார். பாய் தொப்பென்று வரப்பில் உட்கார்ந்தார்.

"மறுபடியும் பயமா?"

"ஆமா, பயம்தான். ஆனா இந்தத் தடவ எனக்காக இல்ல."

அவள் அவ்வளவு சுலபத்தில் விடுகிறவள் இல்லை. "அந்த அக்காகிட்ட போன குடுங்க. அவங்களுக்குக் கூலி கெடைக்கும்ல, நானே கேக்குறேன்" என்றாள். நியாயம்தான். ஸ்பீக்கரைப் போட்டு போனை நீட்டினேன். பச்சையம்மா அதைத் தொடவில்லை.

"இப்ப முடியாதுங்கம்மா" என்று போனைப் பார்த்துச் சொன்னார். "அவரு காலு தரையில படட்டும். மாமோவ்! கருவாட்டுக் கொழம்பு வச்சா சாப்பிடுவியா?"

"வையி, வையி!"

கடையில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் போனில் கேட்டது. பிறகு, "மணி ஒன்னு ஆயிருச்சி" என்றாள்.

"ம்."

"நான் அனுப்பல."

"சரி."

லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"என்னாங்க" என்றாள், கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் கேட்காத ஒரு குரலில். "எனக்குப் பயமா இருக்கு. அவரு எறங்குற வரைக்கும் போன வைக்காதீங்க."

மாதப்பன் இறங்க இன்னும் இருபது நிமிடம் ஆயிற்று. அதுவரை நாங்கள் இருவரும் லைனிலேயே இருந்தோம்.